அரிசியில் கல்

கீழ்வரிசை, இடப்பக்கம், கடைவாய்க்கு ஒன்று முன்னால்
இரண்டு வருடமாக ஒரு வெற்றிடம்.
காரணம் என் சோற்றில் கிடந்த கல் என்பது
வினிபெக் முழுக்கத் தெரியும்.
கோயில் மண்டபத்தில் சொன்னார்,
பரராசசேகரம் வீட்டுப் பிறந்தநாளில் சொன்னார்,
பஸ் டிப்போவின் சாப்பாட்டு மேசையிலும் சொல்லியிருக்க வேண்டும்,
கூட வேலைசெய்யும் பஞ்சாபிக்காரர்
என்னைக் கண்டால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பத்துக் கிலோப் பை, இயந்திரம் சலித்த பாஸ்மதி.
அதிலே கல்லாம்.

இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயரைச் சுவரில் செருகிவிட்டு
பெம்பினா வீதிப் பல் மருத்துவமனைக்குள் போனோம்.
ஹலீனா டாக்டர் ஒரு மாதிரித் தாடையை மேசையில் வைத்தார்.
எலும்புக்குள் திருகு,
திருகின்மேல் குட்டையாக ஒரு கழுத்து,
கழுத்தின்மேல் தொப்பிபோல் பல்.
நகுலேந்திரன் கையில் வாங்கி
எஞ்சின் துண்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நாலாயிரத்து எண்ணூறு டாலர் தயார்.
எல்லாம் ஓவர்டைம்.

டாக்டர் அவசரப்படவில்லை.
வாயைத் திறக்கச் சொன்னார்.
நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த அலை,
தேய்ந்து சப்பையான மேல்வரிசை.
காதடியில் விரல் வைத்துக் கடிக்கச் சொன்னார்,
தசை முஷ்டிபோல் எழும்பியது.

இரவில் பல் நறநறப்பீர்களா?
இல்லை, என்றார் இவர்.
டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

இருபத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது
அந்தக் கேள்வி என்னிடம் வர.

நறநறப்பார், என்றேன்.
சரளைமேல் டயர் உருளும் சத்தம்.
பயணி ஒருவன் முகத்தில் துப்பிய கிழமை ஒரு சத்தம்,
மகள் கல்கரிக்குப் போன மாதம் வேறொன்று,
தகப்பனின் சிதையைப் போனில் பார்த்த இரவு
நான் எழுந்து ஹாலில் போய்ப் படுத்தேன்.
பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம் என்பார்,
வந்து இறங்கிய நாளிலிருந்து.
நான் அதை ஒரு பேச்சு என்று நினைத்திருந்தேன்.

பிறகு மற்றதையும் சொன்னேன்.
அந்தப் பல் உடைந்தது பெப்ரவரியில், அதிகாலை இரண்டரைக்கு.
ஆற்றில் பனிக்கட்டி வெடிக்குமே, அப்படி,
ஒரே ஒரு தரம்.
அடுத்தநாள் மத்தியானம்தான் துண்டு கழன்று
சோற்றோடு நாக்கில் பட்டது.
கல் என்று துப்பினார்.

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
வாய் இன்னும் திறந்தபடி.

டாக்டர் சொன்னார்:
சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே
நூலளவு மெத்தை ஒன்று உண்டு.
அமுக்கம் கூடினால் அதற்குத் தெரியும்,
போதும் என்று தாடைக்குச் சொல்லும்.
திருகுக்கு அது கிடையாது.
எவ்வளவு கடித்தாலும் தாங்கும், தாங்கும்,
வலி என்று ஒரு சொல் சொல்லாது,
ஒருநாள் கழுத்தில் முறியும்.

யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று
ஒரு கணம் எனக்குக் குழம்பிவிட்டது.

அப்ப எனக்கு ஒருநாளும் போட ஏலாதோ, என்று
என்னிடம் தமிழில் கேட்டார்.
நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.
அப்படியில்லை. இப்போது பொருந்தாது.
இரவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவசம்,
ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்.

காரில் மூன்று சிக்னல் வரைக்கும் பேச்சில்லை.
தாடை அசைந்தது.
கடிக்காதேங்கோ, என்றேன்.
கடிக்கேல்லை, என்றார்.

இரண்டு கிழமையில் கவசம் வந்தது, நீலப் பெட்டியில்,
சோப்புப் பெட்டி அளவு.
போட்டுக்கொண்டு கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார்,
விளக்கை அணைத்தார், படுத்தார்.
சத்தமே இல்லை.
ஹீட்டர் ஓடி நின்றது, திரும்ப ஓடியது.
நான் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

இருட்டில் ஏதோ சொன்னார்.
வாய் நிறையப் பிளாஸ்டிக்,
கல் என்று ஒரு சொல் கேட்டமாதிரி இருந்தது,
அல்லது நில்.
என்ன?
மறுபடி சொன்னார், அதைவிட மோசம்.
கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ, என்றேன்.

விளக்கைப் போட்டார்.